சகாயசெல்வியின் மூக்கு

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். "பிளாண்ட் ஸ்டாப்" என்று கேட்டால் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டே சீட்டுக் கொடுப்பார். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி ஆற்றில் விடும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. நான் அங்கே மோட்டார் மெக்கானிக். பெயர் உடையப்பன். பதினாறு வருஷமாக அந்த மோட்டார்களைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் பேசியே ஆக வேண்டிய ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

சகாயசெல்வி அங்கே ஆபரேட்டராக இருந்தாள். முதலில் கூட்டிப் பெருக்க வந்தவள்தான். சாக்கடை உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கம்பிவலை உண்டு. அதில் சிக்கும் பிளாஸ்டிக் பை, கந்தல் துணி, சில நாள் வாயால் சொல்லக் கூடாதது எல்லாவற்றையும் நீளக் கொக்கியால் இழுத்துப் போடுவாள். அவள் கணவர் ஆனந்த்ராஜ் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. ஜெஸ்ஸி என்று ஒரே மகள். வீட்டுக்குள் வரும் சம்பளம் செல்வியுடையது ஒன்றுதான்.

அவள் வந்த இரண்டாம் வருஷம், ஒரு காலையில் இன்ஜினியரிடம் போய் நின்றாள்.

"சார், காத்துத் தொட்டியில வாசம் மாறியிருக்கு. நேத்து வரைக்கும் மண்ணு வாசம் வந்துச்சு. இன்னைக்கு மோர் புளிச்ச மாதிரி இருக்கு."

"ஏம்மா, சாக்கடைக்குள்ள போயி வாசம் பாக்குறியா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காற்றுத் தொட்டி என்பது எங்கள் நிலையத்தின் வயிறு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் கிடந்து அழுக்கைத் தின்னும். நாங்கள் அதைப் பூச்சி என்போம். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் பூச்சிக்கு மூச்சு. பூச்சி நன்றாக இருந்தால் தொட்டியில் புதுமழை பெய்த மண் வாசம் வரும். சாக்கடையிலிருந்து அப்படி ஒரு வாசம் வரும் என்று சொன்னால் வெளியாள் எவனும் நம்பமாட்டான். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் என்னுடைய காற்று ஊதும் மெஷினில் ஒரு பெல்ட் அறுந்து பாதிக் காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் காட்டாததை அவள் மூக்கு காட்டிவிட்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளை ஆபரேட்டராகப் போட்டார்கள். முக்கியமான வேலை ஒன்றையும் கொடுத்தார்கள். வீடுகளின் செப்டிக் டேங்கை உறிஞ்சிக்கொண்டு வரும் லாரிகள் எங்களிடம்தான் வந்து இறக்கும். வீட்டுக் கழிவென்றால் பூச்சி தின்னும். ஆலைக் கழிவென்றால் பூச்சியே செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு லாரியின் குழாய் வாயிலும் செல்வி குனிந்து முகர்ந்து பார்த்து, "வீட்டுது" என்று சொன்ன பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். ஒரு தடவை அவள் "இது வேற" என்று சொல்லிவிட்டாள். டிரைவர் கத்தாத கத்தல் கத்தினான். அவள் லாரி இறக்கும் குழிக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"என் மேல ஊத்திட்டுப் போ. இதுக்குள்ள ஊத்தாத. அங்குட்டு மாடு தண்ணி குடிக்குது" என்றாள். லாரி திரும்பிப் போனது.

அந்த மாடுகள் பழனியம்மாளுடையவை. அவளைப் பற்றிச் சொல்லாமல் செல்வியைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் நிலையத்துக்குப் பின்பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அந்தப்புறம் நாங்கள் விடும் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அது போய் ஆற்றில் விழும். ஆறு என்று பெயர்தான்; கோடையில் மணலும் சீமைக்கருவேலமும் மட்டும் இருக்கும். நாலு மாதத்துக்கு அதில் நனைந்து கிடப்பது எங்கள் தண்ணீர் ஒன்றுதான். பழனியம்மாள் பக்கத்துப் பட்டியில் இருப்பவள், அறுபதை ஒட்டிய வயசு, தனிக்கட்டை. செவலை, மயிலை, கருப்பி என்று மூன்று கறவை மாடு. பாலை ரோட்டோர டீக்கடைக்கு ஊற்றிப் பிழைத்தாள். முதல் முதலாக மாடுகளை வாய்க்காலுக்கு ஓட்டி வந்தபோது பயந்துபோய் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏத்தா, இந்தத் தண்ணியக் குடிச்சா மாடு தாங்குமா?" செல்வி வேலிக்கு அடியில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தாள். "எறக்குக்கா. நான் இருக்கேன்ல" என்றாள்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. தினமும் காலை ஏழு மணிக்குப் பழனியம்மாள் வேலியோரம் வந்து நிற்பாள். மாடுகளும் நிற்கும். "செல்வி, எறக்கலாமா?" என்று குரல் கொடுப்பாள். செல்வி தண்ணீரை அள்ளி முகர்ந்து, "எறக்குக்கா" என்பாள். அதற்குப் பிறகுதான் மாடுகள் கரையிலிருந்து இறங்கும். ஒன்பது வருஷத்தில் நாலைந்து நாள், "இன்னைக்கு வேணாங்க்கா, ஊருக்குள்ள தொட்டியில காட்டு" என்று செல்வி சொல்லியிருக்கிறாள். பழனியம்மாள் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாடுகளைத் திருப்பிக்கொண்டு இரண்டு மைல் நடப்பாள். டாக்டர் சொல்லைக்கூட அப்படிக் கேட்கமாட்டார்கள். நான் கிண்டல் பண்ணுவேன். "பழனியக்கா, உன் மாட்டுக்குத் தாகம் எடுத்தாலும் செல்வியிடம் லீவ் லெட்டர் எழுதிக் கேட்கும் போல" என்பேன். "போடா போக்கத்தவனே" என்று சிரிப்பாள்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாம் அலையில் எங்கள் எல்லோருக்கும் வந்தது. எனக்கும் பத்து நாள் வாசம் தெரியவில்லை, கருவாட்டுக் குழம்பு வெந்நீர் மாதிரி இருந்தது. பிறகு திரும்பிவிட்டது. செல்வியும் பதினைந்து நாளில் வேலைக்கு வந்துவிட்டாள். எப்போதும் போலத் தொட்டிகளைச் சுற்றி வந்தாள், எப்போதும் போல லாரிக் குழாயில் குனிந்தாள், "வீட்டுது" என்றாள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் பேனல் ரூமுக்குள் நுழைந்தவன் குமட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். ஒயர் இடுக்கில் எலி செத்து அழுகிக் கிடந்தது. மறுபடி எட்டிப் பார்த்தால், அந்த எலிக்கு மூன்றடி தூரத்தில் செல்வி உட்கார்ந்து நிதானமாகச் சோறு தின்றுகொண்டிருந்தாள். வெயிலுக்காக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கை சோற்றோடு அப்படியே நின்றது.

"என்னண்ணே?" என்றாள்.

நான் எலியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், டிபன் பாக்ஸை மூடினாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"வரும்னு சொன்னாங்கண்ணே. பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க, நரம்பு கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு. தினம் காலையில ஒரு மல்லியப் பூவ நசுக்கி மூக்குல வச்சுப் பாக்குறேன். ஒண்ணுமே இல்லண்ணே. தண்ணிய மோந்த மாதிரி இருக்கு."

திண்டுக்கல் சீமையில் பிறந்து மல்லிகை வாசம் தெரியாமல் ஒருத்தி. ஆபரேட்டர் வேலை போனால் மறுபடி கம்பிவலைக்கா அனுப்புவார்கள்? வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். ஜெஸ்ஸி அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். நான் பெரிய மனுஷன் மாதிரி ஒரு யோசனை சொன்னேன்.

"அழாத. என் மூக்கு நல்லாத்தான இருக்கு. நான் பாத்துச் சொல்றேன். வரவரைக்கும் ஓட்டுவோம்."

அந்த நேரத்தில் அது எனக்குப் புண்ணியக் காரியமாகத்தான் தெரிந்தது. இப்போது நினைத்தால் என் செருப்பாலேயே என்னை அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நிலையத்தில் ஒரு மூக்கு கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் சோதனை செய்யும் கருவி கேட்டிருக்கலாம். தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும் தாள் தீர்ந்து மாதக்கணக்காகியும் காண்டிராக்ட் கம்பெனி வாங்கிக் கொடுக்கவில்லை. "அதான் அம்மா மூக்கு இருக்கே" என்பார் சூப்பர்வைசர் இளஞ்செழியன். அந்த மூக்கு இல்லை என்பது எனக்கும் செல்விக்கும் மட்டும் தெரியும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. லாரி வந்தால் நான் ஸ்பேனரும் கையுமாக அந்தப் பக்கம் போவேன். செல்வி குனிந்து முகர்வது மாதிரி நிற்பாள். நான் காற்றிலேயே வாசம் பிடித்து, கைப்பிடிக் கம்பியில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் வீட்டுக் கழிவு. இரண்டு தட்டுத் தட்டினால் திருப்பி அனுப்பு. காலை ஏழு மணிக்கு முன்னால் நான் வாய்க்கால் பக்கம் போய்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவேன். செல்வி வேலியிடம் போவாள். "எறக்கலாமா?" என்று பழனியம்மாள் கேட்பாள். செல்வி தண்ணீரை அள்ளி மூக்கருகில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் முதுகு எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் அந்த முதுகு கூனிப்போகும். "எறக்குக்கா" என்பாள்.

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று ஓடிவிட்டது. அவள் மல்லிகைப் பூவை நசுக்கிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. வாசம் வரவும் இல்லை.

மே மாதம். நத்தத்தில் என் தங்கை மகளுக்குச் சடங்கு, தாய்மாமன் சீர் நான் செய்தாக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது செல்வியிடம் சொன்னேன்: "ரெண்டு நாளைக்கு எந்த லாரியையும் உள்ள விடாத. குழி அடைச்சிருக்குன்னு சொல்லித் திருப்பிவிடு. மாட்டையும் ஊருக்குள்ள காட்டச் சொல்லிரு."

"சரிண்ணே. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

இனி சொல்வது அவள் பிறகு சொல்லித் தெரிந்தது. சனிக்கிழமை காலை வரிசையாக ஆறு லாரி வந்து நின்றன. செல்வி குழி அடைப்பு என்றாள். டிரைவர் போனைப் போட்டான். இளஞ்செழியன் போனில் செல்வியைக் கூப்பிட்டார். "குழி நேத்து நல்லாத்தானம்மா இருந்துச்சு? ஒரு கல்யாண மண்டபத்து டேங்காம், அவசரம்னு சொல்றாங்க. மோந்து பாத்துட்டு எறக்கச் சொல்லும்மா" என்றார். மோந்து பார்க்க முடியாது என்று எப்படிச் சொல்வாள்? குனிந்தாள். மழைத் தண்ணீரைப் பார்ப்பது போலக் குழாய் வாயைப் பார்த்தாள். ஆறு லாரிக்கும் ஆறு தடவை "வீட்டுது" என்றாள்.

அது கல்யாண மண்டபம் இல்லை. எந்த ஆலையின் கழிவு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுடையது சின்ன நிலையம். ஆறு லாரி விஷத்தை விழுங்கி நிற்கும் தெம்பு அதற்குக் கிடையாது. ராத்திரிக்குள் பூச்சியெல்லாம் செத்திருக்க வேண்டும். விஷம் அப்படியே தொட்டி தொட்டியாக நகர்ந்து வாய்க்காலுக்குப் போய்விட்டது.

ஞாயிறு காலை ஏழு மணி. பழனியம்மாள் வந்து நின்றாள். மாடுகளும் நின்றன. செவலையின் கன்று பால்குடி. அதை வீட்டில் கட்டிப்போட்டு வந்திருந்தாள். முந்தின இரண்டு நாளும் கோடை மழை பெய்திருந்ததால் வாய்க்கால் கொஞ்சம் கலங்கலாக ஓடியது. செல்வி அதை மழைக் கலங்கல் என்றே நினைத்தாள். மாட்டை ஊருக்குள் காட்டச் சொல் என்று நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் பழனியம்மாள் முதல் நாள் முழங்கால் வீங்கி, குச்சி ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு மைல் நடக்கச் சொல்ல செல்விக்கு மனசு வரவில்லை.

"செல்வி, எறக்கலாமா?"

செல்வி அள்ளினாள், மூக்கருகில் வைத்தாள்.

"எறக்குக்கா."

நான் அப்போது நத்தத்தில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் மூன்று மாடுகளும் விழுந்துவிட்டன. வாயில் நுரை தள்ளிக் கால் இழுத்துக் கொண்டதாம். செவலை மட்டும் கன்று கட்டிக் கிடந்த திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்து சாயங்காலம் அடங்கியதாம். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "சோளம் மேஞ்சுச்சா?" என்பதுதான். வாய்க்காலைத் தாண்டி ஒருவர் தீவனச் சோளம் போட்டு வெயிலில் காயவிட்டிருந்தார். மழைக்கு அது புதுத் தூர் விட்டிருந்தது. காய்ந்து துளிர்த்த சோளம் மாட்டுக்கு விஷம் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் நான் வந்து இறங்கியதும் நிலையத்தின் வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நாற்றம் தொண்டையை அறுத்தது. செல்வி காற்றுத் தொட்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணே, நாறுதா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இளஞ்செழியன் பைக்கில் வந்தார். மூக்கில் கர்ச்சீப். "உடையப்பன், போர் மோட்டாரைப் போடுங்க. ரெண்டு போரையும் போடுங்க. வாய்க்கால நல்லா அலசி விடுங்க. சாம்பிள் எடுக்க நாளைக்கு வருவாங்க" என்றார். நான் போட்டேன். என் கையால்தான் சுவிட்சைத் தட்டினேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நல்ல தண்ணீர் ஓடிற்று. அதிகாரிகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரைக் குழந்தைக்கே கொடுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை என்று பேர். வேலியோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி பழனியம்மாளிடம் கேட்டார்: "தண்ணி மேல ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?"

பழனியம்மாள் நிமிர்ந்தாள். "தண்ணிய ஏன் சார் குத்தம் சொல்லணும்? செல்வி மோந்து பாத்துத்தேன் எறக்கச் சொல்லுச்சு. ஒம்போது வருசமா அது சொல்லித்தேன் எறக்குறேன். அது பொய் சொல்லுமா? எனக்குத்தேன் காலு வீங்கிக் கெடந்துச்சு. செத்த நேரம் கரையில ஒக்காந்துட்டேன். அப்பத்தேன் சோளத்துல வாய வச்சிருக்கும் போல. ஏங் கண்ணுதேன் அசந்துருச்சு."

எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் நம்பிக்கையையே அவளுக்கு எதிராக எழுதி வாங்கிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் கண்ணாலேயே பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற செல்வி ஓரடி முன்னால் வந்தாள். வாயைத் திறக்கப் போனவளின் முழங்கையை நான்தான் பிடித்து அழுத்தினேன். அவள் அன்றைக்குப் பேசவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? "மூணு மாட்டயும் சோளத்துல விட்டுக் கொன்னுட்டாளே கெழவி" என்று பட்டியில் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரரே அதைச் சொன்னார். பழனியம்மாளும் நம்ப ஆரம்பித்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழக்க தோஷத்தில் வேலியோரம் வந்து நின்றாள். பின்னால் மாடு இல்லை. நின்றுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள்.

"வாயில்லாத சீவன்க. என்னய நம்பித்தான வந்துச்சுக. கொன்னுட்டேனே செல்வி, நானே கொன்னுட்டேனே."

செல்வி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி அவள் கையில் பதிந்துவிட்டது. அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, இனிமே என்னால முடியாது."

நான் கெஞ்சினேன். இப்படி எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சினேன். "ஜெஸ்ஸிக்கு இன்னும் ஒரு வருசந்தான் படிப்பு. அதுவரைக்கும் பொறுத்துக்க. மாடு போனது போனதுதான், திரும்பி வராது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாடு வராதுண்ணே. ஆனா அந்தக்கா தலையில கெடக்குற பழி எறங்கும்ல?"

அன்றைக்கே ஒரு முழுத்தாளில் எழுதினாள். எனக்கு இரண்டு வருஷமாக வாசம் தெரியாது, ஆறு லாரியையும் முகராமல் விட்டேன், தண்ணீர் கெட்டுத்தான் மாடுகள் செத்தன, பழனியம்மாள் மேல் குற்றம் இல்லை. கடைசியில் ஒரு வரி: இது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தத் தாளில் பொய் என்று இருந்தது அந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரியில்தான் நான் இன்றைக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தாளைக் கொடுத்துவிட்டுப் பழனியம்மாள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பழனியம்மாள் செவலையின் கன்றுக்குப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். டீக்கடைக்குப் பால் ஊற்றியவள், அதே கடையில் பால் வாங்கி அந்தக் கன்றை வளர்த்துக்கொண்டிருந்தாள். செல்வி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எலியைச் சொன்னாள், மல்லிகைப் பூவைச் சொன்னாள். என்னை மட்டும் சொல்லவில்லை. "அக்கா, எனக்கும்..." என்று நான் ஆரம்பித்தபோது அவள் கையை நீட்டி என்னைத் தடுத்து, "யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். நானும் அடங்கிவிட்டேன். தடுத்தாள் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் கை அப்படி ஒன்றும் கனமானது இல்லை.

பழனியம்மாள் பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தாள். கன்று பாட்டிலை முட்டிக்கொண்டிருந்தது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கு நாறுச்சுத்தா."

செல்வி தலையைத் தூக்கினாள்.

"கரையில எறங்குனப்பவே நாறுச்சு. காரமா, கண்ணெரியிற மாதிரி. செவலகூட மோந்துட்டுப் பின்னால போச்சு. நாந்தேன் குச்சிய வச்சுத் தள்ளிவிட்டேன். செல்வி சொல்லிருச்சு, அது மூக்கவிடவா நம்ம மூக்கு ஒசத்தின்னு நெனச்சேன்."

செல்வி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாத்தா? 'அக்கா, எனக்கு மூக்கு போயிருச்சு'ன்னு ஒரு வார்த்த. எனக்கு இருக்குல்ல மூக்கு? தெனமும் நானே மோந்து பாத்து ஒனக்குச் சொல்லியிருப்பேனே. நீ எறக்குன்னு சொல்றதுக்குப் பதுலா, நான் எறக்குறேன்னு சொல்லியிருப்பேன். அம்புட்டுத்தான."

கன்றின் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை.

மறுவாரம் செல்வியை வேலையிலிருந்து நீக்கினார்கள். உடல் குறையை மறைத்ததால் நேர்ந்த தவறு என்று கோப்பை மூடினார்கள். அதில் ஆறு லாரி இல்லை, இளஞ்செழியனின் போன் இல்லை, வாங்கித் தராத சோதனைத் தாள் இல்லை, அலசிவிட்ட போர்த் தண்ணீர் இல்லை. ஒரு பெண்ணின் மூக்கு மட்டும் இருந்தது. மாட்டுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. ஜெஸ்ஸி படிப்பை நிறுத்திவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். செல்வி நத்தம் பக்கம் புளி உடைக்கும் கொட்டகைக்குப் போகிறாள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "ஆத்துத் தண்ணி நல்லாருக்காண்ணே?" என்று மட்டும் கேட்டாள். நல்லாருக்கு என்றேன்.

அது நிஜம்தான். நிலையத்தில் இப்போது புதுக் கருவி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு நான் வேலியோரம் போய் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கிறேன். கேட்க யாரும் வருவதில்லை.

போன மாதம் ஒரு நாள் பழனியம்மாள் அந்தப் பக்கமாக வந்தாள். செவலையின் கன்று வளர்ந்து கிடாரியாகியிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்த் தொட்டிக்குப் போகிறவள், என்னைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, தண்ணி நல்லாருக்கு. எறக்கு. நான் மோந்து பாத்துட்டேன்" என்றேன்.

அவள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குச்சியை ஊன்றிக் கரையிறங்கினாள். தானே ஒரு கை அள்ளினாள். வெகுநேரம் முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்கு" என்றாள். கிடாரியை இறக்கவில்லை. மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "செல்வி எப்படி இருக்கு?"

"இருக்குக்கா."

"பாவம். ரெண்டு வருசமா ஒத்தையில கெடந்து தவிச்சிருக்கு. யார்ட்டயும் சொல்ல முடியாம." கயிற்றை இழுத்தபடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரிஞ்சிருந்தாலாச்சும் எங்கிட்டச் சொல்லியிருப்பேல்ல, உடையப்பா?"

"ஆமாக்கா" என்றேன்.